உளமருத்துவரைத் தேடி

(முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர்)



காய்ச்சல் கண்டால் எங்கே போவது என்று நமக்குத் தெரியும். பல் வலித்தால் தெரியும். கண் மங்கினாலும் தெரியும். உள்ளம் நலிவுற்றால் யாரிடம் போவது, போய் என்ன சொல்வது என்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பட்டம் பெற்று முதுகலையும் பயிலும் எனக்கே தெரியவில்லை. தெரியாமற்போனதால் ஏறத்தாழ ஆறு மாதங்களை இழந்தேன். அவ்விழப்பில் கற்றவற்றை எழுதுமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். பெயர் போட வேண்டா என்று என் அன்னையார் கேட்டுக்கொண்டமையால் இக்கட்டுரை பெயரின்றி வருகிறது. எனினும் அடுத்த பத்தியைப் படித்தவுடன் என் வகுப்புத் தோழர்கள் ஆளைக் கண்டுகொள்வர் என்பதை நான் அறிவேன்.

சென்ற கல்வியாண்டில், ஆகஸ்டு மாதத்து ஒருநாள், வகுப்புக் கருத்தரங்கில் கட்டுரை படிக்க எழுந்து நின்றேன். தலைப்பு, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்ச்சி உடலின்மேல் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை அச்சத்தைச் சான்றாகக் கொண்டு விளக்கியிருந்தேன். முதற்பக்கத்தின் நடுவில் நெஞ்சு படபடத்தது. விரல்கள் மரத்தன. மூச்சு முட்டியது. எழுத்துகள் தாளில் நீந்தின. "செத்துவிடப் போகிறோம்" என்று ஓர் எண்ணம் மின்னல்போல் ஓடியது. அச்சத்தைப் பற்றி எழுதிய தாள்களைத் தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தது மட்டும் காதில் விழுந்தது.

அன்று மாலையே என் மாமா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் என் தந்தையார் தறி மேடையிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். அவருக்கு அப்போது வயது 46. எனக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இரத்தமும் சோதித்தார்கள். பணியிலிருந்த மருத்துவர், "தம்பி, இதயத்தில ஒண்ணும் இல்ல. மனநலப் பிரிவில ஒருதடவை காட்டிடுங்க" என்று கூறி, ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் அதையே எழுதியும் கொடுத்தார்.

சீட்டை வாங்கிப் பார்த்த மாமா கேட்ட முதற்கேள்வி, "என்னடா, கீழ்ப்பாக்கத்துக்கா எழுதியிருக்காரு?" என்பது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறது நம் நாடு. திரைப்பட நகைச்சுவையும் அதற்குத் துணைநின்றது. சென்னையில் மனநோயாளர்க்கான இல்லம் 1794-இல் தோன்றியது. கீழ்ப்பாக்கத்திற்கு 1871-இல் வந்தது. இன்று அங்கே மனநல மருத்துவக் கல்வியும் நடைபெறுகிறது. வெளிநோயாளராக வந்து பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புவோரும் உண்டு. ஆனால் நம் பேச்சுவழக்கில் அது உள்ளே போனவர் திரும்பாத இடமாகவே நிலைத்துவிட்டது. சொல்லுக்கு அஞ்சி மருத்துவத்தை விடுவோர் எத்தனையோ பேர். எங்கே போவதென்று அறியாத குடும்பங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களுள் ஒன்றான ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தேடிச் செல்லும் இடம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்துக் கயிறு கட்டினார்கள். பள்ளிவாசலில் ஓதிய நீரையும் அம்மா வாங்கி வந்தார். இவற்றை நான் எள்ளவில்லை. அம்மாவின் கை என் தலைமேல் இருந்த அந்தப் பொழுதுகளில் எனக்கு உண்மையாகவே ஆறுதல் கிடைத்தது. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அதே படபடப்பு மீண்டும் வந்தது. பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அதன்பின் கல்லூரிக்கு வருவதே அரிதாயிற்று.

முதலில் கண்டவர்

செப்டம்பரில் மாமா தம் நண்பர் ஒருவர் சொன்ன ஆலோசகரிடம் என்னை அழைத்துச் சென்றார். அவர் இருந்த ஊரையும் பெயரையும் தவிர்க்கிறேன். அறை குளிரூட்டப்பட்டிருந்தது. சுவரில் பொன்மொழிகள் சட்டமிட்டுத் தொங்கின. கட்டணம் 800 ரூபாய். ஐம்பது நிமிடத்தில் நான் பேசியது ஐந்து நிமிடம் இருக்கலாம். மதிப்பெண் கேட்டார், எந்த ஊர், என்ன சமூகம் என்று கேட்டார், காதல் ஏதும் உண்டா என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டார். பின்பு தாம் இளமையில் வறுமையை வென்ற வரலாற்றை விரித்துரைத்தார். நல்லதையே நினைக்க வேண்டும் என்றார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமாவை உள்ளே அழைத்தார். நான் தந்தையாரைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றை, பேருந்தில் திரும்பும் வழியில் மாமா என்னிடமே கேட்டார்.

அன்று நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அவர் எனக்குப் பொருந்தவில்லை என்று முடிவு செய்திருந்தால் அது சரி. உளச்சிகிச்சை என்பதே எனக்குப் பொருந்தாது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கடையில் சட்டை அளவு சரியில்லை என்பதற்காக இனிச் சட்டையே அணியேன் என்று எவரும் சொல்வதில்லை. நான் சொன்னேன். டிசம்பர் வரை வீட்டிலேயே கிடந்தேன். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வு எழுத முடியாமற்போகும் நிலை.

ஜனவரியில் துறைத்தலைவர் அழைத்தனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துச் சென்றேன். கதவைச் சாத்திவிட்டு, "உங்க அம்மா போன் பண்ணாங்க. அந்த டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டார். இருந்தது. மெய்ப்பாட்டியல் உரைநூலுக்குள் அடையாளத்தாளாக அதைத்தான் வைத்திருந்தேன்.

யார் எவர்?

நிற்க. இங்கே சில பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நாம் 'மனநல டாக்டர்' என்ற ஒரே சொல்லால் பலரைக் குறிக்கிறோம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் பயின்று, மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதமாட்டார், பேச்சின் வழியும் பயிற்சியின் வழியும் சிகிச்சை அளிப்பார். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவுக்கான சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் குடும்பம், வேலை, படிப்பு ஆகியவற்றோடு நோயாளிக்குள்ள சிக்கல்களில் துணைநிற்பார். ஆலோசகர் என்ற சொல்லோ மிக அகன்றது. அச்சொல்லின் பின்னால் முறையாகப் படித்துப் பயின்ற நல்லவர்களும் இருக்கிறார்கள்; சில நாள் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். "தாங்கள் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்லவர்கள் இக்கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை.

நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பணம் பெருந்தடை. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. அதனை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் வந்தது. அதனால்தான் எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மனநலப் பிரிவு உள்ளது. அங்கே எனக்குக் கட்டணம் ஏதுமில்லை. செலவெல்லாம் காலை எட்டரை மணிக்கு வரிசையில் நிற்கும் பொறுமைதான்.

அங்கே மனநல மருத்துவர் என்னைப் பார்த்தது பத்து நிமிடம். எனினும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கேட்டவை கூர்மையான கேள்விகள்: எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வந்துவிடுமோ என்று அஞ்சி எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா? கடைசிக் கேள்வியை அவர் தண்ணீர் குடித்தீர்களா என்பதுபோல இயல்பாகக் கேட்டார். அதனால் எனக்கும் உண்மையைச் சொல்ல முடிந்தது. மாத்திரையும் எழுதினார், அதே பிரிவிலிருந்த உளவியலாளர் அம்மையாரிடமும் அனுப்பினார்.

அவர் அறை அழகானதன்று. கதவுக்குப் பதில் பச்சைத் திரை. வெளியே எண்ணைக் கூப்பிடும் சிஸ்டரின் குரல். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்திற்குமேல் கிடைப்பது அரிது. அந்த அரை மணியில் முதல் நாள் அவர் சொன்னவை இரண்டே. "இங்க பேசுறது உங்க அனுமதி இல்லாம வெளிய போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் நான் மத்தவங்ககிட்ட சொல்லியாகணும், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்பேன்" என்பது ஒன்று. மருத்துவச் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மற்றொன்று, "தம்பி, நான் சொல்றது எதுவாவது சரியாப் படலன்னா சொல்லிடணும்" என்பது. இரண்டாவது வாக்கியத்தின் விலை எனக்கு அன்று தெரியவில்லை.

நான் அழுதேன். இருபத்திரண்டு வயது ஆண்மகன் திரைக்குப் பின்னால் விம்மினால் வரிசையில் நிற்பவர் கேட்பரே என்ற கூச்சத்தோடு அழுதேன். அவர் "அழாதீங்க" என்று சொல்லவில்லை.

அச்சத்தின் வட்டம்

என் நோய்க்குப் பெயர் பீதித் தாக்கம். அதன் இயக்கத்தை ஓரளவு விரிவாகவே கூற விழைகிறேன். ஏனெனில் இதனை அறிந்ததே எனக்குப் பாதி மருந்தாயிற்று. ஆபத்து என்று மூளை கருதியவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அது குறைய, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல்கள் மரக்கின்றன. இவ்வளவும் ஓடவோ போரிடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம். சாவின் அறிகுறி அன்று. ஆனால் அதனைச் சாவு என்று மனம் படித்துவிட்டால் அச்சம் இரட்டிக்கிறது. அச்சம் இரட்டித்தால் அட்ரினலினும் பெருகுகிறது. வட்டம் சுழல்கிறது. டேவிட் கிளார்க் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் 1986-இல் இவ்விளக்கத்தை ஒழுங்குபடுத்தி எழுதினார்: உடலின் சாதாரண மாற்றத்தைப் பேரழிவாகப் பொருள்கொள்வதே இந்நோயின் அச்சாணி என்பது அவர் கருத்து. நாற்பத்தாறு வயதில் தந்தையை மாரடைப்புக்கு இழந்த பிள்ளை தன் நெஞ்சின் துடிப்பை எவ்வாறு படிப்பான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மெய்ப்பாட்டைப் பற்றி ஆய்ந்தவன் தன் மெய்யைத் தப்பாகப் படித்திருக்கிறேன்.

எனக்கு அளிக்கப்பட்டது எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் முறை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது. உளச்சிகிச்சை என்றாலே சாய்நாற்காலியில் படுத்துக் கனவுகளைச் சொல்வது என்று எண்ணியிருந்தேன். அப்படிப்பட்ட முறையும் உண்டு. பேச்சே மருந்தாகும் என்பதற்கு முதற்சான்றாகச் சுட்டப்படுபவர், 1880 முதல் 1882 வரை வியன்னாவில் பிராயர் என்னும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண். அந்த வரலாற்றைப் பிராயரும் பிராய்டும் 1895-இல் நூலாக்கினர். பேச்சுச் சிகிச்சை என்ற பெயரைச் சூட்டியவர் மருத்துவர் அல்லர், அந்தப் பெண்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

மூன்றாம் வாரம்

இனி, இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

மூன்றாம் வாரம் அம்மையார் என்னை நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். என் இதயமும் நுரையீரலும் நலமாயிருப்பதை ஆவணத்தில் பார்த்த பிறகே சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். நோயுள்ளவர் தாமாக இதைச் செய்து பார்க்கலாகாது. அரை நிமிடத்திலேயே தலை சுற்றியது, விரல் மரத்தது. கருத்தரங்கில் வந்த அத்தனையும் வந்தது. அதுதான் அவர் காட்ட விரும்பியது: மூச்சை மாற்றினாலே இவை வரும், சாவு வந்து நிற்பதால் அன்று. எனக்கோ கோபம் வந்தது. குணப்படுத்துவார் என்று வந்தால் நோயை வரவழைக்கிறாரே! வாய்திறவாமல் வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு உறக்கமில்லை. அடுத்த வியாழக்கிழமை போகக்கூடாது என்று முடிவு செய்தேன். முதலாமவரிடம் தோன்றிய அதே எண்ணம்: இது நமக்கு ஒத்துவராது.

புதிதாகச் சிகிச்சை தொடங்குவோர் பலர் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள் என்று பின்னர் அம்மையார் கூறினார். தொடங்கிய சில வாரங்களில் முன்னைவிட மோசமாகத் தோன்றுவது உண்டு. மூடி வைத்த பானையைத் திறந்தால் முதலில் ஆவிதான் அடிக்கும். அப்படியானால் பொருந்தாத மருத்துவரால் வரும் சங்கடத்தையும், பொருந்தியவரிடம் நடக்கும் வேலையால் வரும் சங்கடத்தையும் எப்படிப் பிரித்தறிவது? புதுச் செருப்பும் கடிக்கும். அளவு தவறிய செருப்பும் கடிக்கும். கடிக்கும்போது இரண்டும் ஒன்றே.

எனக்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. வியாழக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த வாரம் மாத்திரை வாங்கப் போக வேண்டியிருந்தது. அங்கே அம்மையார் கண்ணில் பட்டுவிட்டேன். அவர் அழைத்தார். அவர் முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. வெடுக்கென்று சொல்லிவிட்டேன்: "மேடம், போன தடவை நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கல. எங்கப்பா செத்த மாதிரியே இருந்துச்சு."

அவர் தம்மை நியாயப்படுத்தவில்லை. என்மேல் சினக்கவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுக்காகச் செய்றோம்னு நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும். அப்பா நினைப்பு வரும்னு நான் யோசிக்கல. அதைப் பத்திப் பேசலாமா?" என்றார். அன்றுதான், நான்கு ஆண்டுகளுக்குப் பின், தறிச்சத்தம் நின்றுபோன அந்தக் காலைப்பொழுதை முழுவதுமாக ஒருவரிடம் சொன்னேன். மூச்சுப் பயிற்சியை அப்போதைக்கு ஒத்திவைத்தோம். இரண்டு வாரம் கழித்து நானே மீண்டும் தொடங்கலாம் என்றேன்.

முதலாமவரிடம் இதுபோல் ஒன்றைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இன்னொரு பொன்மொழி கிடைத்திருக்கும். பொருத்தத்தை அறியும் உரைகல் இதுவே என்பது என் துணிபு. சங்கடம் இருக்கிறதா இல்லையா என்பது உரைகல் ஆகாது. சங்கடத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா, சொன்னால் என்ன ஆகிறது என்பதே பார்க்க வேண்டியது.

இதற்கு நூலாதாரமும் உண்டு என்று தேடியபோது அறிந்தேன். கார்ல் ராஜர்ஸ் 1957-இல், சிகிச்சையாளரின் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, மற்றவர் உணர்வைத் தம் உணர்வுபோல் அறிதல் ஆகியவற்றையே மாற்றத்திற்கு அடிப்படையாகக் கூறினார். எட்வர்டு போர்டின் 1979-இல் இதனை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் உடன்பாடு, என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவர்க்குமிடையே பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சைக் கூட்டுறவு என்றார். என் மூன்றாம் வாரத்தில் பிணைப்பு இருந்தது, நோக்கம் தெரிந்திருந்தது, செயலில் மட்டும் உடன்பாடு இல்லை. அந்தக் கூட்டுறவின் வலிமைக்கும் சிகிச்சையின் பயனுக்கும் தொடர்பு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

இதெல்லாம் மேலைநாட்டார்க்கு; நம்மவர்க்கு அறிவுரை சொல்லும் பெரியவர்தாமே வேண்டும் என்று நண்பரொருவர் வாதிட்டார். அவ்வாதத்தில் வலு இல்லாமலில்லை. பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜே. எஸ். நெக்கி 1973-இல், குரு-சீடர் உறவையே நம் நாட்டு உளச்சிகிச்சைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்து எழுதினார். எனக்கும் அம்மையாரை ஆசிரியர்போல் கருதுவதே எளிதாயிருந்தது. ஒருநாள் எங்கள் வீட்டுக் கொய்யாப்பழம் ஒரு பை கொண்டுபோனேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வரிசையில் நிற்போர்க்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஆனால் நல்லாசிரியர் ஐயம் கேட்கும் மாணவனை உட்காரச் சொல்லி அதட்டுவதில்லை. எல்லாவற்றையும் சரி சரி என்று கேட்டுக்கொள்ளும் சீடன் வீட்டுக்குப் போய் எதையும் செய்யமாட்டான். நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன்.

மாத்திரையால் ஒரு புயல் வீசியது. அட்டையைப் பரணில் கண்ட அம்மா, தூக்க மாத்திரை என்றெண்ணி அழுது தீர்த்தார். அது தூக்க மாத்திரை அன்று; பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. நான் விளக்கியும் அம்மா நம்பவில்லை. உளவியலாளரிடம் சொன்னேன். "அம்மாவை அழைச்சுட்டு வாங்க. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு முதல்ல நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றார். அப்படியே செய்தார். அம்மா அங்கே என்ன பேசினார் என்பதைவிட, என்ன கேட்டார் என்பதைச் சொல்கிறேன். "எனக்கும் அவரு போனதிலேருந்து ராத்திரி தூக்கம் இல்லம்மா. நானும் சீட்டு வாங்கலாமா?" என்று கேட்டார்.

உடனே எவரையும் காண வழியில்லாதவர்க்கு ஒரு குறிப்பு. 14416 என்பது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசி உதவி எண். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் அழுத்தும்போது அந்த எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ அன்றே நாட வேண்டும். வியாழக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

துறைத்தலைவர் உதவியாலும் மருத்துவச் சான்றாலும் வருகைக் குறைவுக்கு விலக்குப் பெற்றுத் தேர்வு எழுதினேன். ஒரு தாளில் தவறினேன். அதை நவம்பரில் எழுதித் தேறினேன். பேருந்தில் வட்டம் இன்னும் சிலபோது சுழலப் பார்க்கிறது. பாதி வழியில் இறங்குவதில்லை. பத்து நிமிடத்திற்குள் தானே அடங்கிவிடுகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து, அம்மையார் கொடுத்த தாளில் குறித்துவைக்கிறேன்.

பாதியில் நின்ற மெய்ப்பாட்டியல் கட்டுரையைச் சென்ற மாதம் அதே வகுப்பறையில் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் கை நடுங்கியது. "கை நடுங்குகிறது, சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தேன். பின்வரிசையில் அன்று சிரித்தவர், கருத்தரங்கு முடிந்ததும் என்னுடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேருந்து வரும் வேளையில், "அந்த ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டார். எட்டரை என்றேன்.